கெரசேனர் ஊர் டோர்ட்மண்டிலும் இருந்தது

சித்தப்பா வேலை முடிந்து வீட்டுக்குள் வரும்போது அவருக்கு முன்னால் மணம் வரும். கொதிநீரில் வெந்த பன்றி மயிர், இரத்தம் கழுவிய தரை, அதன்மேல் ஊற்றிய குளோரின் எல்லாம் சேர்ந்து அவருடைய குளிர் ஜாக்கெட்டில் ஊறிப்போயிருந்தன. அம்மா அதற்குப் "பண்டி வாடை" என்று பெயர் வைத்து, ஜாக்கெட்டை வீட்டுக்குள் விடாமல் ஜெர்மனியின் டோர்ட்மண்டில் எந்தக் குளிரிலும் பால்கனியில்தான் தொங்கவிடுவார். எனக்கு அந்த மணம் பிடிக்கும். அது வந்தால் சித்தப்பா வந்துவிட்டார் என்று அர்த்தம். அவர் வந்தால் சாப்பாட்டுக்குப் பிறகு சீட்டுக்கட்டு வெளியே வரும். "கள்ளி, துரும்பை ஒளிச்சு வைச்சிருக்கிறாய் என்ன?" என்று என் கையை எட்டிப் பார்ப்பார். ஒளித்து வைத்திருப்பது அநேகமாக அவராகத்தான் இருக்கும்.

இரண்டாயிரங்களின் தொடக்கம் அது. எனக்குப் பதினொரு வயது. சித்தப்பா அப்பாவின் தம்பி. மன்னாரிலிருந்து வந்து எங்களோடுதான் இருந்தார். ஊரில் ஒரு சோதனைச் சாவடியில் ஆமி, அதாவது இலங்கை இராணுவம், அவரைச் சைக்கிளோடு பிடித்துக்கொண்டு போய் மாதக்கணக்கில் முகாமில் வைத்திருந்தது. அங்கே என்ன நடந்தது என்று எங்கள் வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை. கேட்காமல் இருப்பதுதான் மரியாதை என்று நினைத்தார்கள். இப்போது எனக்கு அது மரியாதையாகத் தெரியவில்லை. பயம், அவ்வளவுதான். இங்கே அவருக்குக் கிடைத்த ஒரே வேலை பன்றி வெட்டும் ஆலையில். ஒரு தடவை மட்டும் அப்பாவிடம் சொன்னார்: "பண்டியள் கத்தேக்க எனக்கு முகாம்தான் கேக்குது அண்ணை." அதிகாலை வேலைக்குப் போய் வந்து மத்தியானம் படுப்பார், படுத்தால் உறக்கத்தில் கத்துவார். ஒரு டொக்டர் குளிசை கொடுத்த பிறகு கத்தல் குறைந்தது, சீட்டு விளையாட்டுக் கூடியது. அப்படியே விட்டிருந்தால் போதும். விடவில்லை.

அந்த வருடம் ஈஸ்டருக்கு முந்திய தவக்காலத்தில் அம்மா ஒரு செபக்குழுவில் சேர்ந்தார். சனிக்கிழமைகளில் எங்கள் வரவேற்பறையில்தான் கூட்டம். நடத்தியவரை எல்லோரும் "செப அண்ணை" என்பார்கள். கிழமை நாட்களில் லொறி ஓட்டுவார், சனிக்கிழமையானால் வெள்ளைச் சட்டையும் கையில் பைபிளுமாக வருவார். குரு அல்ல. எங்கள் பங்குக் குருவுக்கு இப்படி ஒரு கூட்டம் நடப்பதே தெரியாது. முதல் நாளே பால்கனிக் கதவருகில் நின்று மூக்கைச் சுருக்கினார்.

"என்னக்கா மணம் இது?"

அம்மா வெட்கப்பட்டுக்கொண்டு சித்தப்பாவின் வேலையைச் சொன்னார். உறக்கத்தில் கத்துவதையும் சொன்னார். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"உங்களுக்கு விளங்கேல்லையோ அக்கா? ஆண்டவர் பேயளை எதுக்குள்ள அனுப்பினவர்? பண்டிக்குள்ள. இவர் நாள் முழுக்க எதுக்கு நடுவில நிக்கிறார்? பண்டிக்கு நடுவில. பிறகு அது திரும்பி ஆளுக்குள்ள வராம என்ன செய்யும்?"

அறையில் இருந்த பெண்கள் "இயேசுவே" என்று நெஞ்சில் கை வைத்தார்கள். சித்தப்பா மட்டும் கதவு நிலையில் சாய்ந்து நின்று சிரித்தார்.

"அந்தப் பண்டியள் கடலுக்குள்ள விழுந்து அப்பவே செத்துப்போச்சு எல்லோ அண்ணை? நான் வெட்டுறது ஹொலண்டிலயிருந்து லொறியில வாற பண்டி. உங்கட லொறியிலயும் வந்திருக்கும், எதுக்கும் மணந்து பாருங்கோ."

அப்பா சத்தமாகச் சிரித்துவிட்டார். அம்மா அவரை முறைத்தார். செப அண்ணை சிரிக்கவில்லை. அந்தச் சிரிப்புக்குச் சித்தப்பா கொடுத்த விலை பெரிது என்று நான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

கதை தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். இயேசு படகில் ஏரியைக் கடந்து கெரசேனர் பகுதிக்குப் போகிறார். கல்லறைகளுக்குள் வாழும் ஒருவன் எதிரே ஓடி வருகிறான். அவனைச் சங்கிலியால் கட்டியிருந்தார்கள்; அவன் அறுத்துக்கொண்டான். இரவும் பகலும் கத்துகிறான், கல்லால் தன்னையே கீறிக்கொள்கிறான். உன் பெயர் என்ன என்று இயேசு கேட்கிறார். இலேகியோன், நாங்கள் பலர் என்று பதில் வருகிறது. பேய்கள் பன்றிகளுக்குள் போக, ஏறத்தாழ இரண்டாயிரம் பன்றிகள் சரிவில் ஓடித் தண்ணீரில் விழுந்து சாகின்றன.

அடுத்த சனிக்கிழமை செப அண்ணை சித்தப்பாவைக் கதிரையில் இருத்தித் தலையில் கை வைத்தார். "உமக்குள்ள ஆர் இருக்கினம், சொல்லும்" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். சித்தப்பா இந்த முறை பகிடி விடவில்லை. ஒருவரும் கேட்காத கேள்வியை ஒருவர் கேட்டுவிட்டார் என்று நினைத்தாரோ என்னவோ, உண்மையைச் சொன்னார்.

"ஆமிக்காரங்கள் அண்ணை. ஒருத்தர் ரெண்டு பேரில்லை. எனக்குள்ள ஒரு முகாமே நிக்குது."

"கேட்டீங்களோ!" செப அண்ணை துள்ளி எழும்பினார். "தன்ர வாயாலயே சொல்லிப்போட்டான்! நாங்கள் பலர்! இலேகியோன்!"

அன்றோடு குளிசை நின்றது. "விசுவாசம் இருந்தா குளிசை எதுக்கு?" என்று இருந்த மாத்திரைகளையெல்லாம் கழிவறையில் கொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். வேலைக்கும் போகக் கூடாது என்றார்கள். ஒருநேரச் சாப்பாடுதான், அதுவும் உப்பில்லாமல். சித்தப்பா ஏன் சம்மதித்தார் என்று கேட்பீர்கள். வீடு அண்ணனுடையது, சோறு அண்ணியினுடையது. அவர் வேறு என்ன சொல்லுவார்? குளிசையைத் திடீரென்று நிறுத்தியதில் கை நடுங்கியது, வியர்த்துக் கொட்டியது, உறக்கமே போய்விட்டது. "பேய் இறங்குது" என்று குழுவில் சந்தோசப்பட்டார்கள். அப்பாவுக்கு இதில் இஷ்டமில்லை, ஆனால் அம்மாவோடு சண்டை வேண்டாம் என்று வேலைக்குப் போய்விடுவார்.

பள்ளிக்கூடத்தில் எங்களுக்குச் சமய பாடம் எடுத்தவர் சிடுமூஞ்சி ஆள். கோப்பி மணக்க மணக்க வந்து, பேருந்துத் தடம் சொல்வதைப்போல நற்செய்தி சொல்லுவார். அவரிடம் நான் கையை உயர்த்தி, கெரசேனர் ஊர் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். எங்கள் வரவேற்பறையில் இருக்கிறது என்று சொல்லவா முடியும்? அவர் மூலையில் கிடந்த வரைபடத்தை இழுத்து விரித்தார். மேலே சிறிய நீலப் புள்ளி. அதுதான் கலிலேயாக் கடலாம். எனக்கு அங்கேயே முதல் அதிர்ச்சி. மன்னார்க் கடலைப்போல ஒன்றை நான் மனதில் வைத்திருந்தேன். இது மலைகளுக்கு நடுவே பள்ளத்தில் கிடக்கும் ஒரு ஏரி. கெரசா நகரமோ அதிலிருந்து ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் தள்ளி, மலைக்குள். "பன்றிகள் அவ்வளவு தூரம் ஓடித்தான் விழுந்திருக்க வேண்டும்" என்று அவர் சொல்ல, வகுப்பே சிரித்தது. அதனால்தான் ஒரு நற்செய்தியில் கெரசா என்றும் இன்னொன்றில் கதரா என்றும் இருக்கிறது, சில பழைய பிரதிகளில் மூன்றாவதாக ஒரு பெயரும் உண்டு, கிழக்குக் கரையில் குர்சி என்ற இடத்தில்தான் தண்ணீரை ஒட்டிச் செங்குத்தான சரிவு இருக்கிறது, பழைய மடம் ஒன்றின் இடிபாடும் அங்கே உண்டு என்றார்.

பிறகு வரைபடத்தில் ஏரிக்குக் கிழக்கேயும் தெற்கேயும் விரலால் வட்டம் போட்டார். தெக்கப்பொலி, பத்து நகரங்கள். கிரேக்கம் பேசுகிறவர்கள், நாடக அரங்கு, கல் பாவிய தெரு, தெய்வச் சிலைகள். யூதர் பன்றியைத் தொடமாட்டார்கள். இவர்கள் வளர்ப்பார்கள், தின்பார்கள், விற்பார்கள். உரோமைச் சிப்பாய்க்கும் பன்றி இறைச்சி வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே உரோமை ஆட்சி நின்றது. அடுத்து அவர் சொன்னதை நான் இன்றைக்கும் அதே குரலில் கேட்கிறேன். இலேகியோன் என்பது பேயின் பெயர் அல்லவாம். உரோமைப் படைப்பிரிவின் பெயராம், ஆயிரக்கணக்கான சிப்பாய்களாம். அந்தப் பக்கங்களில் இருந்த ஒரு படைப்பிரிவுக்குக் காட்டுப்பன்றிதான் சின்னமாம்.

ஆமி. அவ்வளவுதான். தன் நாட்டைப் பிடித்து வைத்திருந்த ஆமியின் பெயரைத்தான் அந்த மனிதன் தன் பெயராகச் சொல்லியிருக்கிறான். என் சித்தப்பா சொன்னதும் அதையேதான்.

"அவனைச் சங்கிலியில் கட்டியது யார்? ஆமியா?" என்று கேட்டேன்.

"இல்லை. அவனுடைய ஊர்க்காரர்" என்று சொல்லிவிட்டு அவர் வரைபடத்தைச் சுருட்டினார்.

அன்று வெள்ளிக்கிழமை. தவக்காலமென்பதால் குழு வெள்ளியும் கூடியது. வாசலில் செருப்புகளும் சப்பாத்துகளும் குவிந்து கிடந்தன. உள்ளே பாட்டும் கைதட்டும். நான் புத்தகப் பையோடு கதவைத் திறந்தேன்.

சித்தப்பா நிலத்தில் இருந்தார். கை இரண்டும் அம்மாவின் நூல் சேலையால் "ஹைட்சுங்" குழாயோடு கட்டப்பட்டிருந்தன. ஹைட்சுங் என்பது வீட்டைச் சூடாக்கும் இரும்பு. சுடுநீர் குழாய் வழியாக அதற்குள் ஓடும். அன்று நல்ல குளிர், முழுதாகத் திறந்திருந்தார்கள்.

"எனக்கு டொக்டரிட்ட டெர்மின் இருக்கு அண்ணி, விடுங்கோ, போயிட்டு வாறன்" என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். கத்தவில்லை, கெஞ்சினார். டொக்டர் குறித்துக்கொடுத்த நேரம்தான் டெர்மின்; கொஞ்சம் முந்தி அதற்குப் புறப்பட்டாராம். "பேய்தான் ஓடப் பாக்குது" என்று பிடித்துக் கட்டினார்களாம்.

நான் நடு அறையில் நின்று சொன்னேன். "இலேகியோன் எண்டா பேயில்லை. ஆமி! சித்தப்பா ஆமியைத்தான் சொன்னவர். அந்தக் கதையிலயும் கட்டினது ஊர்ச்சனம்தான்!"

செப அண்ணை என்னைப் பார்த்துச் சிரித்தார். "பிள்ளை, உந்த வெள்ளைக்காரர் பள்ளிக்கூடத்தில படிப்பிக்கிறதை இஞ்ச கொண்டு வராதேங்கோ. விசுவாசம் இல்லாமத்தானே அவங்கட கோயிலெல்லாம் வெறும் வாங்கா கிடக்குது." அம்மா என் கையைப் பிடித்துப் படுக்கையறைக்குள் தள்ளினார். பாட்டு இன்னும் சத்தமாகத் தொடங்கியது. அதற்கு நடுவே சித்தப்பா கத்தத் தொடங்கினார். அவர் கத்தக் கத்த இவர்கள் இன்னும் வேகமாகக் கை தட்டினார்கள்.

அப்பா வந்தபோதுதான் அது நின்றது. அவர் வாசலிலேயே நின்று மூக்கை விரித்து மணந்தார். பிறகு குசினிக்குள் போய்க் கத்தியை எடுத்து வந்து சேலையை அறுத்தார். சித்தப்பாவின் முழங்கை வரை தோல் வெந்து குழாயில் ஒட்டியிருந்தது. பால்கனி ஜாக்கெட்டில் நான் மணந்த அந்த வெந்த மயிரின் மணம் இப்போது வரவேற்பறையில், மனிதக் கையிலிருந்து வந்தது. அத்தனை பேரும் அதை மணந்துகொண்டுதான் பாடியிருக்கிறார்கள். பேய் எரிகிறது என்று நினைத்தார்களாம்.

"எல்லாரும் வெளிய போங்கோ" என்றார் அப்பா. ஆம்புலன்ஸ் வருவதற்குள் செப அண்ணை போய்விட்டார். சப்பாத்து நாடா கட்டக்கூட நிற்கவில்லை.

சித்தப்பா ஆஸ்பத்திரியில் பல வாரம் இருந்தார். முதலில் கைக்கு, பிறகு மனதுக்கு. ஈஸ்டர்ப் பாஸ்கு முடிந்து ஒரு ஞாயிறு வந்தார். அயர்ன் பண்ணிய சட்டை, சவரம் செய்த முகம், நிதானமான பேச்சு. கோயிலில் எங்களோடு ஒரே வாங்கில், அந்த நீளப் பலகை இருக்கையில், வந்து இருந்தார். அந்த வாங்கிலிருந்து ஆட்கள் ஒவ்வொருவராக எழும்பி வேறு வாங்குக்குப் போனார்கள். நற்செய்தியிலும் இப்படித்தான். அவன் கத்திக்கொண்டு திரிந்தபோது அல்ல, உடுத்திக்கொண்டு சுயபுத்தியோடு உட்கார்ந்திருந்ததைக் கண்டபோதுதான் ஊர் பயந்தது. பயந்து, எங்கள் ஊரை விட்டுப் போய்விடும் என்று குணமாக்கியவரையே கேட்டுக்கொண்டது.

வீட்டில் அம்மா தேத்தண்ணியைத் தள்ளி நின்று நீட்டினார். கோப்பை தட்டில் அடித்து அடித்துச் சத்தம் போட்டது. சித்தப்பா ஹைட்சுங் குழாயைப் பார்த்தார், கோப்பையைப் பார்த்தார்.

"பயப்பிடாதேங்கோ அண்ணி. நான் போறன்" என்றார். தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் போனார்.

இப்போது அந்த வீட்டில் வேறு யாரோ இருக்கிறார்கள். செபக்குழு கலைந்துவிட்டது. செப அண்ணை வேறு நகரத்தில் இருக்கிறாராம். இன்னும் கை வைக்கிறாராம். அம்மா அதைப் பற்றிப் பேசமாட்டார். சித்தப்பா போன மறுநாளே அப்பா சீட்டுக்கட்டை எங்கேயோ போட்டுவிட்டார். சித்தப்பா தெற்கே ஒரு சிறிய ஊரில் பூக்கன்று வளர்க்கும் இடத்தில் வேலை செய்கிறார். எந்த மணமும் இல்லாத வேலை என்று சொல்லுவார், பூவுக்குள் நின்றுகொண்டு.

போன வருடம் நான் கலிலேயாக் கரையில் அந்தக் குர்சிக்குப் போனேன். சரிவு அப்படியே இருக்கிறது. பன்றி இல்லை; சிப்பாய் உண்டு, ஆனால் உரோமையன் இல்லை. கீழே ஏரி, அக்கரை கண்ணுக்குத் தெரிகிறது. அங்கே நின்று சித்தப்பாவுக்குப் போன் பண்ணி எல்லாம் சொன்னேன். பத்து நகரங்கள், படைப்பிரிவு, கட்டியது ஊர்க்காரர்கள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"சுகமான பிறகு அந்த மனுசனுக்கு என்ன நடந்தது?"

"தானும் படகில வாறன் எண்டு கேட்டவன், சித்தப்பா. இயேசு ஏத்தேல்லை. வீட்டுக்குப் போய் உன்ர ஆக்களுக்கு நடந்ததைச் சொல்லு எண்டிட்டார்."



"அப்ப அவன் அந்த ஊரிலயேதான் இருந்தவனோ? கட்டினவங்களோட?"

"பத்து நகரத்திலயும் போய்ச் சொன்னவன் எண்டு இருக்கு" என்றேன். யாருடைய வீட்டில் இருந்தான் என்று நற்செய்தியில் இல்லை.