மகளின் பைக்குள் நான் வைத்த மண்

அன்பான சகோதர சகோதரிகளே, நான் கூட்டத்தில் வாய் திறக்காதவன் என்று உங்களுக்குத் தெரியும். செபக்கூட்டத்தில் கடைசி வாங்குப் பலகையில், ஹீற்றருக்குப் பக்கத்தில் இருந்துவிட்டு எழும்பிப் போகிறவன். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றுபோனது. எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இது ஒரு நேர்த்திக்கடன். இதைக் கொடுத்து முடிக்காமல் எனக்கு நிம்மதி இல்லை.

2007ஆம் ஆண்டு மாசி மாதம். ஒரு காலை நேரம், அமெரிக்க எல்லையில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில் இருந்தேன். என் மகளை வேறோர் அறைக்குள் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்திவிட்டார்கள். எனக்கு முன்னால் மேசையில் ஒரு சின்னப் பொட்டலம். அதற்குள் வெளிறிய தூள். அவளுடைய பைக்குள் அதை வைத்தது நான். அவளுக்கு அது தெரியாது.

அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தோம் என்று சொல்கிறேன்.

என் மகள் நிரோஷினி மொன்றியலில் ஓர் ஆஸ்பத்திரியில், தீவிர சிகிச்சைப் பிரிவில் தாதி. ஒபரேஷன் நேரத்தில் மயக்க மருந்து கொடுத்து, வெட்டித் தைத்து முடியும்வரை நோயாளியின் மூச்சைக் காத்து, பத்திரமாகத் திரும்ப எழுப்பிவிடும் தாதியாக வரவேண்டும் என்பதுதான் அவளுடைய ஒரே ஆசை. கியூபெக்கில் தாதிகளுக்கு அந்த மேற்படிப்பு இல்லை. அமெரிக்காவில் இருக்கிறது. நிறையப் பேர் விண்ணப்பிப்பார்கள், கொஞ்சப் பேரைத்தான் எடுப்பார்கள். அவள் அமெரிக்காவின் தாதிப் பரீட்சையை எழுதிப் பாஸ் பண்ணினாள். முதல் வருடம் விண்ணப்பித்தபோது நேர்முகத் தேர்வுக்கே கூப்பிடவில்லை.

அந்தக் குளிர்காலம் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் நல்லதாக இல்லை. கோட்-டெ-நெய்ஜில் நாங்கள் இருக்கும் அப்பார்ட்மென்ட் சின்னது. ஒருவர் பெருமூச்சு விட்டால் மற்றவருக்குக் கேட்கும். அவள் வேலையால் வந்து, கோட்டையும் கழற்றாமல் கட்டிலில் இருப்பாள். சாப்பாடு கோப்பையில் ஆறிப்போகும். இரண்டாம் வருடம் நேர்முகத்துக்குக் கூப்பிட்டபோதும் அவள் சிரிக்கவில்லை.

"இதுவும் சரிவராட்டி நான் இனிக் கேக்க மாட்டன், அப்பா. இனி ஒண்டுமே கேக்க மாட்டன்" என்றாள்.

அந்தக் கடைசி வார்த்தை என்னைப் பயப்படுத்தியது.

அமெரிக்காவுக்கு அவள் தனியாகக் கார் ஓடப் போகிறாள் என்றதும் என் மனைவி லூர்து விடவில்லை.

"குமர்ப்பிள்ளை தனியப் போறதோ? இஞ்சருங்கோ, நீங்களும் போங்கோ."

"அம்மா, சாகக் கிடக்கிற ஆக்களோடை ராத்திரி முழுக்கத் தனிய நிக்கிறன். ரோட்டிலை கார் ஓடத் தெரியாதே எனக்கு? அப்பா வந்து என்ன செய்யப் போறார்? கதைக்கவும் மாட்டார்."

"கதைக்காட்டி என்ன? பக்கத்திலை ஒரு மூட்டை மாதிரி இருப்பார்தானே."

"அப்ப மூட்டையை டிக்கியிலை போடுவம்."

நான் சிரித்தேன். அதற்குப் பிறகு நெடுநாள் எனக்குச் சிரிக்க வரவில்லை.

மன்னார்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மடுமாதா கோயில் மண் வீட்டில் இருந்தால் பாம்பு அண்டாது, ஆபத்து வராது என்பது எங்கள் விசுவாசம். ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது லூர்து சேலைத் தலைப்பில் முடிந்து கொண்டுவந்த மண் எங்களிடம் இருந்தது. கல்லும் குப்பையும் போகட்டும் என்று வெள்ளைத் துணியில் சலித்து வைத்திருந்தேன். மா மாதிரி இருக்கும். அதில் கொஞ்சத்தைப் பிளாஸ்டிக் துண்டில் சுற்றி, நூலால் கட்டி லூர்து தந்தாள். "உங்கடை சேட்டுப் பொக்கற்றிலை வைச்சிருங்கோ" என்றாள்.

நான் யோசித்தேன். ஆபத்து எனக்கா வரப்போகிறது? மகளுக்கல்லவா வரப்போகிறது? அவள் கீழே காரில் பனிக்கட்டி சுரண்டிக்கொண்டிருந்தாள். நான் பொட்டலத்தை அவளுடைய கறுப்புப் பையின் சிப் பூட்டும் உள்பைக்குள் வைத்து மூடிவிட்டேன். சொன்னால் வேண்டாம் என்பாள். அதனால் சொல்லவில்லை.

மொன்றியலை விட்டுப் பாலத்தைக் கடக்கும்போது கீழே ஆறு தெரியவில்லை. ஒரே பனிப்புகார். புரோசார்ட் பக்கத்துக் கடைகளின் விளக்குகளும் தெரியவில்லை. நான் செபமாலை தொடங்கினேன். எத்தனையாவது மணியில் நிற்கிறேன் என்று மறந்து மறந்து போனது. செபமாலையில் எனக்கு அப்படி நடந்தது கிடையாது. ஏதோ சரியில்லை என்று நெஞ்சு சொன்னது. காரைத் திருப்பு பிள்ளை என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை.

எல்லையில் அதிகாரி கண்ணாடிக்குள்ளால் கேட்டார். சாப்பாடு, செடி, மண், ஏதும் இருக்கிறதா? நிரோஷினி இல்லை என்றாள். அந்த இங்கிலீஷ் எனக்குப் பிந்தித்தான் விளங்கும். அவள் சொல்லி முடிந்த பிறகுதான் 'மண்' என்ற சொல் என் தலைக்குள் விழுந்தது. அதற்குள் அவர் என் கடவுச்சீட்டில் பிறந்த நாட்டைப் பார்த்துவிட்டார். நெடுநேரம் பார்த்தார். காரை ஓரம் கட்டச் சொன்னார்.

உள்ளே பையைக் கொட்டினார்கள். பொட்டலம் வெளியே வந்தது.

"இது என்ன?"

"எனக்குத் தெரியாது" என்றாள் என் பிள்ளை. உண்மையைத்தான் சொன்னாள்.

யோசித்துப் பாருங்கள். அவள் தீவிர சிகிச்சைப் பிரிவுத் தாதி. வலி மருந்துகளும் மயக்க மருந்துகளும் நாள்தோறும் அவள் கையால் போகின்றன. மயக்க மருந்துப் படிப்புக்கு நேர்முகம் போகிறேன் என்று அவளே சொல்லியிருக்கிறாள். அவள் பைக்குள் நூலால் கட்டிய தூள். எதுவும் இல்லை என்றாள், பிறகு தெரியாது என்றாள். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்த பார்வையில் எனக்கு எல்லாம் விளங்கியது. படிப்பு மட்டுமல்ல, இருக்கிற வேலையும் போகும். பெயரும் போகும்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபமாக இல்லை. வெறுமையாகப் பார்த்தாள். பிறகு அவளை மற்ற அறைக்குள் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார்கள்.

அதிகாரி என்னிடம் கேட்டார். இது என்ன? நான் தலையைக் குனிந்தேன். எங்கள் நாட்டில் சோதனைச் சாவடிகளில் வாய் திறக்காதவன்தான் வீடு வந்து சேர்ந்தான். சீருடையைக் கண்டால் என் நாக்கு உள்ளே போய்விடும். திரும்பவும் கேட்டார். நான் குனியக் குனிய அவர் முகம் இறுகியது. எங்கேயோ பக்கத்தில் ஒரு நாய் குரைத்தது. மோப்ப நாயாக இருக்கும். இன்னொருவர் வந்து காதுக்குள் ஏதோ சொல்லிவிட்டுப் போனார். என்னைக் காப்பாற்றிய மௌனம் என் பிள்ளையை விழுங்கப் போகிறது என்று அப்போதுதான் உணர்ந்தேன்.

நான் மன்றாடினேன். பெரிய செபம் இல்லை. "தாயே, எனக்கு ஒரு வாய் தாரும். என் பிள்ளையை விடுவித்தால், சனத்துக்கு முன்னால் எழும்பி நின்று இதைச் சொல்லுவேன்." அவ்வளவுதான். பேசாதவன் வேறு எதை நேர்ந்து வைப்பான்?

என்னை அறியாமல் எழும்பிவிட்டேன். "சிற் டவுன்!" என்று அவர் கத்தினார். நான் இருக்கவில்லை.

"ஐ புட்!" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "மை டோட்டர் நோ நோ. ஐ புட். சேர்ச் சாண்ட். மதர் மேரி. நோ ஸ்னேக்!" கழுத்தில் கிடந்த மாதா பதக்கத்தை இழுத்துக் காட்டினேன். இடையில் பிரெஞ்சும் வந்தது, தமிழும் வந்தது. நிறுத்தத் தெரியவில்லை.

சத்தத்துக்கு ஒரு பெண் அதிகாரி உள்ளே வந்தார். நரைத்த முடி. என்னைத் திரும்பச் சொல்லச் சொன்னார். சொன்னேன். அவர் பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, எனக்கு விளங்கட்டும் என்று மெதுவாகச் சொன்னார். அவருடைய அம்மாவின் ஊர் தெற்கே வெகு தூரத்தில் இருக்கிறதாம். அங்கேயும் ஒரு கோயிலில் சனம் மண் எடுத்துக்கொண்டு போவார்களாம். அம்மாவின் கட்டிலுக்கு மேலே ஒரு தகரப் பேணியில் அந்த மண் இருந்ததாம்.

அந்த நீண்ட எல்லையில், அந்த நாளில், அந்த அறைக்கு அந்தப் பெண்ணை அனுப்பியது யார்? நான் படிக்காதவன். எனக்கு ஒரே ஒரு மறுமொழிதான் தெரியும்.

சும்மா விட்டுவிடவில்லை. தூளைச் சோதித்தார்கள். அது மண்தான் என்று வந்தது. வேறு நாட்டு மண்ணைக் கொண்டுவரக் கூடாது, எடுத்துத்தான் ஆகவேண்டும் என்றார். அதைக் குப்பைத் தொட்டியில் எறியாமல், ஒரு உறைக்குள் வைத்து ஒட்டினார். எங்களை எச்சரித்துப் போகவிட்டார்கள். நேர்முகத்துக்குக் குறித்த நேரத்துக்கு இனிப் போய்ச் சேர முடியாது.

காரில் ஏறியதும் அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அப்பா."

"ஓம் பிள்ளை."

"வேறை ஏதும் வைச்சனீங்களோ? எண்ணெய், தீர்த்தம், மெழுகுதிரி?"

"இல்லைப் பிள்ளை."

"சத்தியமா?"

"மாதா சத்தியமா."

அவள் கல்லூரிக்கு ஃபோன் எடுத்தாள். எல்லையில் மறித்துவிட்டார்கள் என்று சொன்னாள். பின்னேரம்வரை இருப்போம், கவனமாக வாருங்கள் என்றார்களாம்.

கல்லூரியில் நான் நேர்முக அறைக்கு வெளியே ஒரு கதிரையில் இருந்தேன். அவள் உள்ளே போனாள். வெளியே வந்தபோது முகத்தில் எதுவும் எழுதியிருக்கவில்லை. திரும்பி வரும் வழியில் நான்தான் கேட்டேன். இரண்டாம் தடவையாக அன்று நானாக வாய் திறந்தேன்.

"என்ன கேட்டவை?"

"ஏன் இந்தப் படிப்பெண்டு கேட்டவை. பாடமாக்கின மறுமொழி ஒண்டும் வரேல்லை, அப்பா. அந்த அறையிலை எல்லாம் கழண்டு போச்சு."

"அப்ப என்ன சொன்னனீ?"

"அம்மாவின்ரை ஒபரேஷனைச் சொன்னன்."

சண்டைக் காலம் அது. லூர்துவுக்கு வயிற்றில் கட்டி வெடித்துவிட்டது. மருந்துகள் வராத நாட்கள். மயக்க மருந்து முடிந்திருந்தது. அந்த இடத்தை மட்டும் மரக்க வைத்து, ஆட்கள் பிடித்துக்கொள்ள வெட்டினார்கள். வெளியே நான் சின்னப்பிள்ளையாக இருந்த நிரோஷினியை மடியில் வைத்து, அவள் காதுகளை என் இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அதைப் பற்றி யாரும் கதைத்ததில்லை.

"உனக்குக் கேக்கேல்லை எண்டு நினைச்சனான்" என்றேன்.

"கேட்டது அப்பா. உங்கடை கை நடுங்கினதும் ஞாபகம் இருக்கு."

வைப்பர் அங்கும் இங்கும் போய்க்கொண்டிருந்தது.

வீட்டில் லூர்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தலையில் கைவைத்தாள். பிறகு, "போகட்டும். இனி அந்த ஒஃபிஸுக்குள்ளை பாம்பு வராது" என்றாள்.

ஆனாலும் பயம் போகவில்லை. எல்லையில் எங்கள் பெயரைப் பதிந்திருப்பார்கள், அது கல்லூரிக்கும் அவள் ஆஸ்பத்திரிக்கும் போய்ச் சேரும் என்று நினைத்தேன். கதவைத் தட்டினால் யாரென்று பார்த்துவிட்டுத்தான் திறப்பேன். பங்குனி மாதம் கடைசியில், நான் வேலை செய்யும் பேக்கரியில் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது ஃபோன் வந்தது.

"அப்பா, எடுத்திட்டினம்."

ஃபோர்மன் பிரெஞ்சில் கத்தினார். பாண் தட்டுகள் ஓடுகின்றன, நீ நிற்கிறாய் என்று. "மை டோட்டர்!" என்று நான் அவருக்குத் திரும்பக் கத்தினேன். இத்தனை வருடத்தில் நான் சத்தம் போட்டுப் பேசியதை அவர் கண்டதில்லை. பேசாமல் தானே தட்டுகளைப் பிடித்துக்கொண்டார்.

இன்று அவள் அந்தப் படிப்பின் கடைசி வருடத்தில் இருக்கிறாள். ஒவ்வொரு நோயாளியும் கண் மூடும் முன் குனிந்து தன் பெயரைச் சொல்வாளாம். நீங்கள் எழும்பும்போது நான் இங்கேதான் நிற்பேன் என்பாளாம். ஆண்டவருக்கும் அவருடைய தாய்க்கும் கோடி நன்றி.

கடன் மட்டும் மிச்சம் இருந்தது. போன வருடம் மடுத் திருநாள் பூசை முடிந்து எழும்பி நின்றேன். உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். சொல்லாமலே திரும்ப வாங்கில் இருந்துவிட்டேன். "கோயில் பேப்பரிலை எழுதுங்கோ. பேப்பருக்கு முன்னாலை என்ன வெக்கம்?" என்றாள் லூர்து. அதனால்தான் இது.

உங்களில் யாராவது இப்போது ஒரு பூட்டிய கதவுக்கு முன்னால் இருக்கலாம். பிள்ளைக்காகவோ, விசாவுக்காகவோ, நோய்க்காகவோ. தாயிடம் கேளுங்கள். கேட்டுவிட்டுக் குனிந்துகொண்டே இருக்காதீர்கள். எழும்புங்கள், தெரிந்த சொல்லில் சொல்லுங்கள். எனக்குக் கிடைத்தவை நாலைந்து உடைந்த சொற்கள். அவை போதுமாக இருந்தன. பிள்ளையின் பையில் எதையாவது வைத்தால், அதையும் பிள்ளைக்குச் சொல்லிவிட்டு வையுங்கள்.

எழுதியது பாதிக் கடன்தான். வருகிற திருநாளில் திரும்பவும் எழும்பி நிற்பேன். குரல் உடனே வராது. தயவுசெய்து கொஞ்சம் பொறுத்திருங்கள். வரும்.