தொய்ந்த பெல்ட்டின் பாட்டு

ஒரகடத்தில், நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையின் குடும்ப விழா. மேடையில் ஜாஸ் கிதார்க்காரர் பழைய ராக் பாட்டு ஒன்றை எடுத்தார். உலகமே வேகமாகப் பாடும் பாட்டு. அவரோ பாதி வேகத்தில், ஒவ்வொரு சுரத்தையும் லேசாக நடுங்கவிட்டு வாசித்தார். கூட வந்திருந்த அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன்.

மண்ணூர் வீட்டில் சின்ன வயதில் அந்தப் பாட்டை நான் கேட்டது இப்படித்தான். அப்பாவோடு வேலை பார்த்த வெளிநாட்டு இன்ஜினியர் ஊர் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போன கேசட் அது. எங்கள் டேப் ரெக்கார்டரின் பெல்ட் அறுந்ததும், தன் தொழிற்சாலையில் கழித்துப்போட்ட ரப்பர் வளையம் ஒன்றை அப்பா மாட்டினார். அது கொஞ்சம் பெரிசு; தொய்ந்து வழுக்கியது. மெஷின் எண்ணெய் வாசனையோடு பாட்டு இழுத்து இழுத்து வந்தது.

"இன்னாயா, பாடறவனுக்கு ஜுரமா?" என்பாள் அம்மா.

"அவன் பாட்டே அப்டித்தான்" என்பார் அப்பா, விட்டுக்கொடுக்காமல்.

கல்லூரியில் அதன் நிஜ வேகத்தைக் கேட்டபோது, யாரோ பாட்டைக் கெடுத்துவிட்டார்கள் என்று எனக்குக் கோபம் வந்தது.

நாங்கள் தப்பாகக் கேட்ட பாட்டை இதோ ஒருவர் வேண்டுமென்றே வாசிக்கிறார். அரங்கம் மூச்சடக்கிக் கேட்கிறது. பக்கத்தில் அப்பா கண்ணை மூடியிருந்தார். கைதட்டல் ஓய்ந்ததும் என் பக்கம் குனிந்தார்.

"நம்ம வூட்டு ரப்பரத்தான் மாட்டிக்கினு வாசிச்சிருக்காரு, கண்ணு."