மயிலைக்காளையை அவிழ்த்துவிட்டது யார்?

எங்கள் மயிலைக்காளை செத்த அன்று நான் திரும்பத் திரும்பச் சொன்னது ஒரே சொல்தான்: "ஆமா". அந்த ஒரு சொல்லால் ஒரு குடும்பத்தின் பிழைப்பையே கெடுக்கப் பார்த்தேன். எனக்கு அப்போது ஏழு வயது.

காளை வாயில் நுரை தள்ளிப் புஞ்சையில் விழுந்து கிடந்தது. மழையில்லாமல் வாடி நின்ற இளஞ்சோளம் முந்தின நாள்தான் ஒரு தூறல் கண்டிருந்தது. வாடின சோளப்பயிர் மாட்டுக்கு விஷம் என்பது எங்கள் கரிசல்காட்டில் எல்லோருக்கும் தெரியும், என்னைத் தவிர.

காலையில் புஞ்சைக்குக் கஞ்சி கொண்டுபோனவள் நான் என்பதால் அப்பா என்னைத்தான் கேட்டார். கேட்டார் என்று சொல்வதே தப்பு. பதிலையும் அவரே கையில் கொடுத்துவிட்டார்.

"வண்டிக்காரன்தான அவுத்துவிட்டான்? நீ பாத்தேல்லா?"

அப்பா அந்தக் குரலில் கேட்டால் எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான். "ஆமாப்பா."

"சோளத்துக்குள்ள பத்திவிட்டுட்டுப் படுத்துத் தூங்கிட்டான், என்ன?"

அதற்கும் ஆமா.

வண்டிக்காரர் பத்து வருஷமாக எங்கள் மாடுகளைப் பார்த்துக்கொண்டவர். அவரிடமும் அப்பா அப்படியே கேட்டார், என் மகளே பார்த்திருக்கிறாள் என்றும் சேர்த்து. அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு, "ஆமாய்யா" என்றார். எனக்கு அப்பாடா என்றிருந்தது. பெரிய மனுஷரே ஒத்துக்கொண்டால் நான் சொன்னது பொய்யில்லைதானே! பொழுது சாய்வதற்குள் பெண்டாட்டி பிள்ளைகளோடு ஊரைவிட்டுப் போய்விட வேண்டும் என்று அப்பா சொல்லிவிட்டார்.

மத்தியான பஸ்ஸில் மாமா வந்து இறங்கினார். அம்மாவின் தம்பி, வெளியூர் போலீஸ் ஸ்டேஷனில் ஏட்டு. "போறதுக்குள்ள அவன நாலு தட்டு தட்டி விசாரிங்க" என்றார் அப்பா. சரி அத்தான் என்று சொன்ன மாமா, வண்டிக்காரரிடம் போகாமல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நான் காய்ந்த பருத்திக் காய்களை உடைத்துப் பஞ்சு எடுத்துக்கொண்டிருந்தேன். அவரும் நாலு காயை எடுத்துக்கொண்டார். என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"நான் அங்கன இல்லல்லா, எனக்கு ஒண்ணுந் தெரியாது. காலைல எந்திரிச்சதுல இருந்து சொல்லுட்டி, கேப்போம்."

பல் விளக்கியதிலிருந்து ஆரம்பித்தேன். அவர் ஒரு இடத்தில்கூடக் குறுக்கே பேசவில்லை. நான் நிறுத்தினால் அவரும் சும்மா இருந்தார். அந்தச் சும்மா இருப்பை என்னால் தாங்க முடியவில்லை, நானே அடுத்ததைச் சொல்லிவிடுவேன். வரப்போரம் காளை கட்டிக் கிடந்த இடம் வரைக்கும் வந்துவிட்டேன்.

"காளை என்ன செஞ்சுது?"

"என் கைய நக்குச்சு. நாக்கு சொரசொரன்னு இருந்துச்சு. அதுக்குப் பசி மாமா, பாவம். சோளம் பச்சையா இருந்துச்சா, அவுத்துவிட்டேன். ஆசையாத் தின்னுச்சு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. ஓவென்று அழுதேன். மாமா திட்டவில்லை. மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, அழுது முடிக்கும்வரை பஞ்சு ஒட்டிய கையால் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். அந்தக் கையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அழுகை வரும்.

பிறகு அப்பாவிடம் விஷயத்தைச் சொல்லி, எங்கள் இரண்டு பேரையும் வண்டிக்காரர் குடிசைக்குக் கூட்டிப்போனார். அங்கே சட்டி பானையெல்லாம் மூட்டையாகிவிட்டன. மாமா அவரிடமும் அதே மாதிரிதான் கேட்டார்.

"நீரு பாத்ததச் சொல்லும்."

வண்டிக்காரர் தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"காளை கட்டிக் கெடந்த எடத்துல, ஈரத்துல பாப்பாவோட கால்தடம் பதிஞ்சு கெடந்துச்சு ஏட்டையா. மொதலாளி வாரதுக்குள்ள மிதிச்சு அழிச்சிட்டேன்."

எனக்கு வந்ததே கோபம்! "என் கால்தடத்த நீங்க எதுக்கு மிதிச்சீங்க?" என்று கேட்டேன்.

அப்பா மெல்ல உட்கார்ந்து மூட்டையின் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தார். எனக்கோ ஒன்றும் விளங்கவில்லை. யாராவது பதில் சொல்லுங்கள் என்று காலை உதைத்துக்கொண்டு நின்றேன்.