அம்மாக்கண்ணு ஓடிய மூன்று மைல்

அம்மாக்கண்ணுவுக்கு வாய் நீளம் என்று ஜவ்வாது மலையில் சொல்லாதவர்கள் கிடையாது. உண்மைதான். புளி எடை போடும்போது எடைக்கல் தட்டில் நைசாக விரலை அழுத்திய வியாபாரியிடம், "கல்லோட உன் விரலும் இருக்குதே, அதுக்கு இன்னா வெலை?" என்று சந்தை நடுவில் கேட்டவள் அவள். நாற்பது வயது, ஒல்லி உடம்பு, சாமை விளையும் ஒன்றரை ஏக்கர் மேட்டு நிலம். புருஷன் சிங்காரம் தங்கமான மனுஷன். என்ன, சண்டை என்று வந்தால் மட்டும் ஆட்டுக்குத் தழை ஒடிக்கக் கிளம்பிவிடுவான்.

எண்பத்திரண்டாம் வருஷம் தை மாதத்தில் கலசப்பாக்கத்து நற்பணி மன்றத்தார் உதவி ஓட்டம் என்று ஒன்றை வைத்தார்கள். ஏரி மதகிலிருந்து சந்தை மைதானம் வரை மூன்று மைல். பந்தயம் இல்லை, பரிசும் இல்லை. சிரித்துப் பேசிக்கொண்டே ஓடலாம், மூச்சு வாங்கினால் நடக்கலாம். ஓடி முடிக்கிற ஒவ்வொருவர் பேரிலும் கடைத்தெருக்காரர்கள் நிதி போடுவார்கள். அதை வைத்து, மலையிலிருந்து நோயாளிகளை இறக்கிவர ஒரு ஜீப் வாங்குவது என்று ஏற்பாடு. நல்ல காரியம்தான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நல்ல காரியம் செய்கிறவர்களுக்கு அதைப் பார்க்க ஆள் வேண்டுமே. அதற்காக அம்மாக்கண்ணு, சிங்காரம் உட்பட மலை ஜனங்கள் இருபது பேரை லாரியில் ஏற்றி வந்திருந்தார்கள். மைதானத்தில் பாய் விரித்து உட்காரவைத்து ஆளுக்கொரு கம்பளி தருவார்களாம்.

போகிற வழியில் தொடக்க விழாவுக்காக லாரி மதகடியில் நின்றது. மன்றத் தலைவர் கோபால்சாமி, ரைஸ்மில் முதலாளி, மைக்கைப் பிடித்தார். இளகின மனசுக்காரர், பேசும்போதே கண் கலங்கிவிடும்.

"மலை ஜனங்க வெள்ளந்தியானவங்க. ஆஸ்பத்திரின்னா அவங்களுக்குப் பயம். எவ்வளவு சொன்னாலும் வரமாட்டாங்க. வேப்பிலைய நம்பி வூட்டுலயே உசுர வுட்டுடறாங்க. அந்த அப்பாவிங்களுக்காக நாம ஓடுவோம்."

கூட்டம் கை தட்டியது. அம்மாக்கண்ணு கை தட்டவில்லை.

வரமாட்டார்களாம். போன ஐப்பசியில் அவள் தங்கச்சி மணியம்மாளுக்கு இடுப்பு வலி எடுத்து, பிள்ளை குறுக்கே நின்றுவிட்டது. விடிந்ததும் விடியாததுமாக மூங்கில் கழியில் போர்வையைக் கட்டி டோலி தூக்கினார்கள். நாலு ஆள், அதில் சிங்காரமும் ஒருவன். பாறைச் சரிவில் ஒருத்தனுக்குக் கால் பிசகிவிட, அம்மாக்கண்ணு புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தோள் கொடுத்தாள். டோலி தூக்க ஒரு முறை உண்டு. நூறு அடிக்கு ஒரு தரம் முன்னால் போகிறவர் "மாத்து" என்று குரல் கொடுக்க வேண்டும். எல்லோரும் ஒரே நேரத்தில் தோள் மாற்றிக்கொண்டு "ஆச்சு" என்று பதில் சொல்ல வேண்டும். அப்படியே பதினாலு மைல் ஓட்டமும் நடையுமாக இறங்கினார்கள். தார் ரோடு கண்ணில் படும் நேரத்தில் மணியம்மாள் போய்விட்டாள். பிள்ளையும் போய்விட்டது.

அம்மாக்கண்ணு லாரியிலிருந்து குதித்து இறங்கினாள்.

நெஞ்சில் குத்திக்கொள்ளும் எண் சீட்டுகளோடு மில் குமாஸ்தா தசரதன் உட்கார்ந்திருந்தான். "எனக்கு ஒண்ணு குடு" என்றாள்.

"உங்களுக்குக் கம்பளி அங்க மைதானத்துல தருவாங்கம்மா."

"கம்பளி யாரு கேட்டா? நான் ஓடணும்."

"நீங்க வாங்கிக்கிறவங்கம்மா. ஓடுறவங்க லிஸ்ட்டு வேற."

"பதினாலு மைல் ஓடியாந்தப்ப எந்த லிஸ்ட்டுல எழுதின? குடு."

லாரிமேல் இருந்து சிங்காரம் கெஞ்சினான். "வோணாம்மே, பெரிய மனுசங்க இருக்கிற எடம். வந்து ஏறிக்க."

"நீ போய்யா. நான் ஓடியாறேன்."

நாற்பத்து மூன்றாம் எண்ணை ஊக்கால் ரவிக்கையில் குத்திக்கொண்டாள்.

விசில் ஊதியதும் பறந்தாள். கான்வாஸ் ஷூ போட்ட வாத்தியார்களையும் பேங்க்குக்காரர்களையும் தாண்டி முதல் ஆளாக ஓடினாள். அரை மைல்கூட தாங்கவில்லை. விலா பிடித்துக்கொண்டது. தார் ரோடு உள்ளங்காலை உறுத்தியது. மலைச் சரிவில் சுமையோடு ஓடிப் பழகிய உடம்புக்கு வெறும் தோளோடு சமதரையில் எப்படி ஓடுவதென்றே தெரியவில்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து போனது. அவள் முந்தி வந்தவர்கள் எல்லோரும் இப்போது அவளைத் தாண்டிப் போனார்கள். அப்படியே நூறு அடி போனதும், அவளை அறியாமலே வாயிலிருந்து குரல் வந்துவிட்டது.

"மாத்து."

சொன்னதோடு இல்லாமல், இல்லாத கழியை இடது தோளுக்கு மாற்றியும் விட்டாள். டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருத்தன் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு அதேபோல நடித்துக் காட்டினான்.

வெட்கம் பிடுங்கித் தின்றது. அது கொஞ்ச நேரம்தான். பிறகு கோபம் வந்தது, அதோடு ஒரு வீம்பும் வந்தது. சிரிக்கிறீர்களா, சிரியுங்கள். அடுத்த நூறாவது அடியில் வேண்டுமென்றே தொண்டை கிழியக் கத்தினாள். அதற்கடுத்த நூறிலும் கத்தினாள். பதில்தான் வரவில்லை. ஆனால் எண்ணிக்கை பிடிபட்டதும் கால் பிடிபட்டது, மூச்சும் ஒரு கட்டுக்கு வந்தது.

கடைசி மைலில் தசரதன் சைக்கிளில் வந்தான். பின்தங்கியவர்களை ஏற்றிவர அனுப்பியிருந்தார்கள். "கேரியர்ல ஒக்காரும்மா. எல்லாரும் போய்ச் சேந்துட்டாங்க. முக்குல எறக்கி வுட்டுடறேன், ஒருத்தருக்கும் தெரியாது."

"ஒக்காந்து போறவங்க டோலியில போறவங்க" என்றாள் அம்மாக்கண்ணு. "நான் தூக்குறவ. நவுரு."

அவன் சைக்கிளை விட்டு இறங்கி, தள்ளிக்கொண்டு பின்னாலேயே வந்தான்.

மைதானத்து வாசலில் நுழையும்போது அவள் குரல் கம்மிப்போயிருந்தது. இருந்தாலும் நூறு வந்துவிட்டதே. "மாத்து" என்றாள். உட்கார்ந்திருந்த கூட்டம் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. அப்போது பாய் வரிசையிலிருந்து ஓர் ஆள் எழுந்தான். எந்தச் சண்டைக்கும் முகம் கொடுக்காத சிங்காரம்தான்.

"ஆச்சு" என்றான், மைதானம் முழுக்கக் கேட்கும்படி.

மடியில் இருந்த கம்பளியைப் போட்டுவிட்டு ஓடிவந்து அவள் பக்கத்தில் சேர்ந்துகொண்டான். அன்று டோலி தூக்கிய இன்னும் இரண்டு பேர் எழுந்து வந்தார்கள். நாலு பேருமாக ஒரே சீராக அடி வைத்து மேடைவரை ஓடினார்கள். சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

கோபால்சாமிக்கு ஒரே சந்தோஷம். கம்பளி ஒன்றை எடுத்துக்கொண்டு மைக்கோடு அவளிடம் வந்தார். "கடைசி ஆளா வந்தாலும் முழுசா முடிச்ச நம்ம மலைச் சகோதரி! ஏம்மா, ஓடுறது இதான் மொதோ தடவையா?"

"இந்த மாதிரி வெளையாட்டா ஓடுறது இதான் மொதோ தடவைங்க. போன ஐப்பசியில என் தங்கச்சியத் தூக்கிக்கினு பதினாலு மைல் ஓடியாந்தோம், உங்க ஆஸ்பத்திரிக்கு. வழியிலயே செத்துட்டா."

மைக் அதையும் ஊருக்கெல்லாம் சொன்னது. கோபால்சாமி என்ன செய்வதென்று தெரியாமல் கம்பளியை நீட்டினார்.

"அத கீழ வைங்க ஐயா. நாங்க வரமாட்டோம்னு காலையில சொன்னீங்க. அது தப்புன்னு இப்ப சொல்லுங்க, இதே மைக்குல. அவ பேரு மணியம்மா."

சிங்காரம் எங்கும் நகராமல் அவள் பக்கத்திலேயே நின்றான். கோபால்சாமி கம்பளியை மேடை ஓரத்தில் வைத்தார். மைக்கை வாய்க்கு அருகில் கொண்டுபோனார்.

"நான் காலையில சொன்னது தப்பு. மணியம்மாள் வந்தாங்க" என்றார். பாதிக் குரல்தான் வந்தது.

"பின்னால இருக்கிறவங்களுக்குக் கேக்கல" என்றாள் அம்மாக்கண்ணு.

அவர் மறுபடியும் சொன்னார்.