தெரசா சொன்ன சத்தம்

நாலு வருஷமாகத் தினமும் பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை என் மாவு மில் நிற்கிறது. அதுவும் நல்ல கூட்டம் வருகிற நேரம். நிறுத்த வைத்தது பக்கத்துக் கொட்டகைத் தெரசா. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பென்னாகரம் ரோட்டில் என் மில்லை ஒட்டின கொட்டகையை ஒரு சின்னக் கம்பெனி வாடகைக்குப் பிடித்தது. அதில் வேலைக்கு வந்த தெரசாவுக்குத் தருமபுரிதான் சொந்த ஊர். டிப்ளமோ படித்து, பெங்களூரில் எட்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு வந்தவர். முடி கனத்துக் கண்ணாடி இழையை, நகத்தில் பாதி இருக்கிற 'சிப்' என்கிற சில்லில் ஒட்ட வேண்டும். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒட்டுவார்.

வந்த புதுசில், "அண்ணா, உங்க மில் ஓடினா எங்க சிக்னல்ல சத்தம் ஏறுதுங்க" என்றார். நான் ஜன்னலுக்கெல்லாம் ஈரச் சாக்கு அடித்துவிட்டு, "இப்பக் கேக்குதா?" என்றேன். அப்படிச் சிரித்தார்.

"காதுல கேக்கற சத்தம் இல்லீங்கண்ணா. இந்தச் சில்லுல ரெண்டு லேசர் வெளிச்சம் ஓடுது. ரெண்டோட துடிப்புக்கும் உள்ள வித்தியாசந்தான் மைக்ரோவேவா வெளிய வருது. அது பிசகாம வரணும். உங்க மில்லு தரையை ஆட்டினா தடுமாறுது. அந்தத் தடுமாற்றத்தைத்தான் நாங்க சத்தம்ங்கறோம்."

"அதுக்கு வேற பேரு வெக்கக் கூடாதா? பத்துச் சாக்கு போச்சு."

அளந்து பார்க்கத் தினமும் பதினொன்றிலிருந்து ஒரு மணி நேரம் மட்டும் மில்லை நிறுத்தித் தரச் சொன்னார். மறுநாளிலிருந்து நிறுத்தினேன். கேழ்வரகு கொண்டுவரும் செல்லம்மாள், "என்ன மாமா, தெரசாம்மா பர்மிசன் குடுத்துட்டாங்களா?" என்று வம்புக்கு இழுப்பாள். நான் மில் பெல்ட்டைத் துடைப்பேன்.

இன்று மத்தியானம் தெரசா முகம் வாடி வந்தார். ரேடாருக்கு இந்தச் சில்லை வாங்க வந்தவர்கள், ரேடார் வண்டியில் வைத்தால் ஆடாதா, ஊர் ஊராகப் போய் மில்லை நிறுத்துவீர்களா என்று கேட்டுவிட்டார்களாம். ஆட்டம் சில்லுக்கு எட்டாதபடி ரப்பர் கட்டைகள் வைத்துப் புதுப் பெட்டி ஒன்றை அவரே செய்திருக்கிறார். அது தேறவில்லையென்றால் கொட்டகை காலி, அவருக்கும் வேலை இல்லை.

பொய் சொல்வானேன், ஒரு நிமிஷம் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்புறம் பசை காய்ந்து தோலுரிந்த அவர் விரல்களைப் பார்த்தேன்.

"நான் என்னம்மா செய்யணும்?"

"நாளைக்கு அவங்க வர்றாங்க. பதினொரு மணிக்கு மில்லை ஓட்டுங்கண்ணா. வெறும் மெஷினா வேண்டாம், கேழ்வரகைக் கொட்டி முழு லோடுல ஓட்டுங்க. நானே வந்து கெஞ்சினாலும் நிறுத்தாதீங்க."