குரைக்காத குட்டிகள்

நெளுக்குளத்தில் வீரகத்தியிடம் வேட்டைநாய்க் குட்டி கேட்டுப் போனவர்களில் பாதிப் பேர் வெறுங்கையோடுதான் திரும்பினார்கள். ஒரு பெட்டை நாயை இரண்டு வருசத்துக்கு ஒருக்கால்தான் குட்டி போட விடுவார். இணை சேர்க்கிற கடுவன் நாயைத் தானே போய்ப் பார்ப்பார். அது காட்டில் ஓடுகிற விதம் பிடிக்கவேண்டும், தன்னுடைய நாய்க்கு இரத்த உறவாகவும் இருக்கக்கூடாது. குட்டி கேட்டவரின் வீட்டு வளவுக்குச் சொல்லாமல் போய், அங்கே ஏற்கெனவே நிற்கிற நாயின் விலாவைப் பார்ப்பார். எலும்பு தெரிந்தால் அந்த வீட்டுக்குக் குட்டியில்லை. நெல் கதிராகும் காலத்தில் காட்டுப்பன்றி வயலையே கிண்டிப்போட்டுவிடும் என்பதால் நல்ல நாய்க்கு எல்லாரும் அலைந்தார்கள். அதற்காக அவர் அவசரப்பட்டதில்லை.

அவரிடம் நின்றவற்றில் கெட்டிக்காரி சிவப்பி. பன்றியைத் துரத்தும்போது அதற்கு ஒரு குரல். மறித்து நிற்கும்போது வேறொரு குரல், விடாமல், உரலில் இடிப்பதுபோல. வேட்டைக்காரன் அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டுதான் காட்டுக்குள் நடப்பான்.

ஐம்பத்தேழாம் ஆண்டு மாசியில், தங்கை இலட்சுமியின் புருசன் நடராசா சிவப்பியைக் கேட்டு வாங்கிக்கொண்டு வேட்டைத் துவக்கோடு காட்டுக்குப் போனான். வீரகத்திக்கு அன்று வயலில் நெல் அருவிவெட்டு. வெயில் ஏறும்போது காட்டுக்குள்ளிருந்து சிவப்பியின் குரல் வந்தது. மறித்து நிற்கிற குரல்.

"மச்சான் பண்டியை மடக்கிப்போட்டான்" என்று பக்கத்தில் நின்றவனிடம் சொல்லிவிட்டு வீரகத்தி குனிந்து வெட்டினார்.

வெடி கேட்கவில்லை. குரலும் ஓயவில்லை. மத்தியானச் சோற்றுக்கு இருந்தபோதும் கேட்டது. பொழுது சாயச் சாயக் கரகரத்து, பிறகு இல்லாமல் போனது. அது நின்ற பிறகுதான் அவர் அரிவாளைக் கீழே போட்டார்.

ஆட்களோடு ஓடிப்போய்ப் பார்த்தபோது, தண்ணீர் வற்றின ஒரு சின்னக் குளத்தின் கரையில் நடராசா செத்துக் கிடந்தான். பன்றி தொடையைக் கிழித்திருந்தது; துவக்கு கை எட்டாத தூரத்தில் விழுந்து கிடந்தது. இடுப்புச் சாறத்தைக் கிழித்துத் தானே காயத்தைக் கட்டியிருந்தான். கட்டு ஊறி, மேலே இன்னொரு கட்டும் போட்டிருந்தான். கனநேரம் உயிரோடு இருந்திருக்கிறான் என்று பார்த்த எல்லாருக்கும் விளங்கியது. பன்றி எப்போதோ போய்விட்டது. சிவப்பி அவனுக்குப் பக்கத்தில், வயல் இருக்கிற திக்கைப் பார்த்தபடி நின்றது. அவ்வளவு நேரமும் அது ஆளைத்தான் கூப்பிட்டிருக்கிறது.

அதற்குப் பிறகு சிவப்பி குரைக்கவில்லை. வீரகத்தி பாலில் மஞ்சள் போட்டுக் காய்ச்சிக் கொடுத்துப் பார்த்தார். வேற்றாள் வந்தால் வேலிப் படலையடிக்குப் போகும், வாயைத் திறக்கும், காற்று மட்டும் வரும்.

ஒரு வருசம் விட்டுத்தான் அதைக் குட்டிக்கு விட்டார். குரல் கத்திக் கெட்டது, பிறவியில் வந்த குறையில்லை, ஆகவே குட்டிகளுக்குப் போகாது என்பது அவர் எண்ணம். கனகராயன்குளத்திலிருந்து நல்ல சத்தக்காரக் கடுவன் ஒன்றைத் தேடிக் கொண்டுவந்தார். நாலு குட்டிகள். கொழுகொழுவென்று வளர்ந்தன, ஓடின, உடும்பைக் கிளப்பின. ஒன்றுகூடக் குரைக்கவில்லை.

அதைக்கூட அவர் பொறுத்திருப்பார். ஆனால் ஒவ்வொரு நாளும் வெயில் ஏறுகிற அந்த நேரத்தில் நாலும் விளையாட்டை விட்டுவிட்டு எழும்பும். வரிசையாகக் காட்டைப் பார்த்து நிற்கும். தாயைப் பார்த்துப் பழகியிருக்கும் என்று நினைத்து, சிவப்பியை வேறொரு வளவில் கொண்டுபோய்க் கட்டினார். அடுத்த நாளும் குட்டிகள் நின்றன. கஞ்சிக் கோப்பையோடு போன வீரகத்தி அவற்றுக்குப் பின்னால் அப்படியே நின்றுவிட்டார். அவர் காதுக்குள் உரல் இடிக்கத் தொடங்கியது.

செய்தி பரவி, வவுனியாப் பட்டணத்திலிருந்து சிற்றம்பலம் என்றொருவர் வந்தார். காட்டிலாகா கண்ணில் படாமல் மான் அடிக்கிறவர்.

"நாலையும் தாங்கோ. சத்தம் போடாத நாய் எனக்கு எவ்வளவு உதவி தெரியுமோ?"

"தரமாட்டன்."

"ஏன், வேறை ஆரும் கேட்டவையோ?"

"உங்களுக்கு அங்கை ஒண்டு நடந்தால் ஆருக்குத் தெரியவரும்? ஆருக்கும் இதைக் குடுக்கமாட்டன். இதுகளிலை குட்டியும் எடுக்கமாட்டன்."

சொன்னபடியே செய்தார். கடுவன்களையும் பெட்டைகளையும் வேறுவேறு வேலிக்குள் விட்டார்.

ஒரு நாள் இலட்சுமி வந்தாள். பக்கத்து வளவில் இருந்தும் அவள் அண்ணனோடு அளவாகத்தான் கதைப்பாள். வேலியில் கையை வைத்துக் குட்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஒண்டை எனக்குத் தாங்கோ அண்ணை."

"அது குரைக்காது, பிள்ளை."

"தெரியும். குரைக்கிற நாய் எனக்கு வேண்டாம்."

வீரகத்தி நிலத்தைப் பார்த்தார். "அண்டைக்கு அது கத்தினது எனக்குக் கேட்டது இலட்சுமி. பண்டியை மறிச்சு நிக்குது எண்டு நினைச்சன்."

"எனக்கும் கேட்டது" என்றாள் அவள். "இறைச்சி வரப்போகுது எண்டு கறிக்குக் கூட்டு அரைச்சு வைச்சனான். சத்தம் கேக்கக் கேக்க, இன்னும் கொஞ்ச மிளகாய் வைச்சு அரைச்சனான்."

அவர் ஒரு பெட்டைக் குட்டியைத் தூக்கி அவள் கையில் கொடுத்தார்.

அந்தக் குட்டி வளர்ந்து ஒரு காலை நேரம் காட்டுக்குள் நடந்தது. இலட்சுமி அதற்குப் பின்னால் போனாள். கண்ட வீரகத்தி கத்தியை எடுத்துக்கொண்டு அவளுக்குப் பின்னால் போனார். காட்டுக்குள் ஒருநாளும் கொண்டுபோகாத குட்டி, எங்கும் நிற்காமல், மணந்து பார்க்காமல், நேரே அந்தச் சின்னக் குளத்தின் கரைக்குப் போய் வயல் பக்கம் திரும்பி நின்றது.

"இஞ்சையோ அண்ணை?" என்று இலட்சுமி கேட்டாள். அவளை ஒருவரும் அங்கே கூட்டிப்போனதில்லை.

"ஓம்."

மாரி பெய்து குளத்தில் தண்ணீர் நின்றது. அவள் கரையில் குந்தி, காது கொடுத்துக் கேட்டாள். வயலில் ஆரோ மாட்டை அதட்டுகிற சத்தம் தெளிவாக வந்தது. "எவ்வளவு கிட்ட" என்றாள்.

குட்டி எப்படி வழி கண்டதென்று வீரகத்தி பலரிடம் கேட்டார். ஆளுக்கொரு விளக்கம் சொன்னார்கள். எதையும் அவர் மறுக்கவுமில்லை, நம்பவுமில்லை. சிவப்பியின் வம்சம் அந்த நாலோடு முடிந்தது.

அறுபதுகளில் அவரிடம் வேறு பெட்டை ஒன்று நின்றது. அதன் குட்டிகள் நன்றாகவே குரைத்தன. ஆனால் குட்டி வேண்டுமென்றால் புருசனும் பெண்சாதியும் சேர்ந்து வரவேண்டும் என்று புதிதாக ஒன்று வைத்தார். தாய்நாயைக் காட்டுக்கரையில் ஓடவிட்டு, துரத்துகிற குரல் எது, மறிக்கிற குரல் எது, பயந்த குரல் எது என்று இரண்டு பேரும் சொல்லவேண்டும்.

"காட்டுக்குப் போறது இவர்தானே" என்றாள் கமலாசனி என்ற புதுப்பெண். "எனக்கு ஏன்?"

"அவன் நாய்க்குப் பக்கத்திலை நிப்பான், பிள்ளை. வீட்டிலை நிக்கிற உனக்குத்தான் இது தெரியவேணும்."

அவள் முதல் நாள் பிழையாகச் சொன்னாள். இரண்டாம் நாளும் பிழை. மூன்றாம் நாள் இலட்சுமி தன் வளவுக்குள்ளிருந்து, இருக்கக் கதிரை ஒன்றைக் கொண்டுவந்து அவளுக்குப் போட்டுவிட்டு, தானும் பக்கத்தில் நின்று கேட்டாள்.