விடுப்பில் இருந்த கேட் அக்கா

கேட் அக்காவுக்கு அடிதடி பிடிக்கும். அதை மூடி மறைத்துச் சொல்வதில் அர்த்தமில்லை. அரசு மகளிர் காப்பகத்தில் வாசல் காவலுக்குச் சேர்வதற்கு முன்பு அவள் தானியக் கிடங்கில் மூட்டை தூக்கினாள். அங்கே ஒரு மேஸ்திரி பின்னால் வந்து இடுப்பைப் பிடித்தான். கையிலிருந்த மூட்டைக் கொக்கியை அவன் தோளில் இறக்கிவிட்டாள். கொக்கியோடு அவன் ஓடியதை இன்னும் அங்கே கதையாகச் சொல்கிறார்கள். வேலை போயிற்று. வீட்டுக்கு வந்து, "குத்துனப்ப உள்ளுக்குள்ள ஜில்லுன்னு இருந்துச்சுய்யா" என்று புருஷனிடம் சொன்னாள். அவன் முடிதிருத்துகிறவன், மெலிந்த ஆள். "ஊர்ல இருக்கறவன் கழுத்துல எல்லாம் கத்தி வைக்கறேன். வீட்டுக்கு வந்தா எனக்குத்தான் கழுத்து கூசுது" என்றான். இருவரும் சிரித்தார்கள்.

புருஷனிடம் அடி வாங்கித் தப்பி வந்த பெண்கள் தங்கும் இடம் அந்தக் காப்பகம். இரண்டு மாடி, ஒரு கம்பிக் கேட், தெருமுனையில் ஒரு போலீஸ் பூத். வாரத்துக்கு ஒருவனாவது குடித்துவிட்டு வந்து கேட்டைப் பிடித்து ஆட்டுவான். கேட் அக்கா நாற்காலியிலிருந்து எழுந்து நிற்பாள். பெரும்பாலும் அதுவே போதும். போதாதபோது அவள் தொண்டையைத் திறந்தால் எதிர் வரிசைக் கடைக்காரர்கள் வெளியே வந்து பார்ப்பார்கள். பூத்திலிருந்த போலீஸ்காரர் நிதானமாக நடந்து வருவதற்குள் வந்தவன் போயிருப்பான். பல வருஷமாக யாரையும் அவள் தொட்டதில்லை. தொடாமல் இருப்பதுதான் அந்த வேலையிலேயே கஷ்டம் என்பாள்.

அந்த வருஷம் மாநில பட்ஜெட் நிறைவேறவில்லை. புதிதாக ஒரு வரி போட வேண்டும் என்று முதலமைச்சர் ஒற்றைக் காலில் நின்றார். சட்டசபையில் ஆள்பலம் எதிரணிக்கு இருந்தது; தேர்தலுக்குப் பயந்து ஆட்சியைக் கவிழ்க்காமல், வரிக்கு மட்டும் அவர்கள் ஒரேயடியாக முடியாது என்றார்கள். பழைய நிதியாண்டு முடிந்த மறுநாள் கஜானாவைத் திறக்க யாருக்கும் அதிகாரம் இல்லாமல் போயிற்று. ஆஸ்பத்திரி, போலீஸ், தீயணைப்பு, சிறை ஆகியவை மட்டும் அத்தியாவசியம். மற்றவை மூடப்படும் என்று உத்தரவு வந்தது. காப்பகம் மற்றவையில் இருந்தது.

வார்டன் அம்மா எல்லோரையும் கூடத்தில் உட்கார வைத்துச் சொன்னார். சொந்தக்காரர்கள் இருந்தவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். போக இடமில்லாத நான்கு பேர் குழந்தைகளோடு அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருத்தி தையல்காரி. லாரி மெக்கானிக்கான அவள் புருஷன், இஸ்திரிப் பெட்டியை அவள் முதுகில் வைத்து அழுத்தியவன். அவள் மகளுக்கு ஆறு வயது. அம்மாவின் முதுகுப் பக்கமாகத் தூங்கமாட்டாள். முன்பக்கம் வந்து சுருண்டுகொள்வாள்.

வார்டன் அம்மா கேட் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மூடின கட்டிடத்துல நீ வேலை பார்த்தா அது சட்டப்படி குத்தம். வீட்டுக்குப் போயிடு."

"இவங்க?"

"சாவியை மேஜை மேல வச்சிருக்கேன். அதை யாரு எடுத்தா, என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரியாது."

கேட் அக்கா சாவியை எடுத்துக்கொண்டாள். காக்கிச் சட்டையை மட்டும் போடவில்லை. வீட்டுப் புடவையில் வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தாள். அந்த வாரத்திலேயே தெருமுனைப் பூத்தும் காலியானது. சட்டசபை வாசலில் இரண்டு கட்சிக்காரர்களும் கல்லெறிந்து மண்டையை உடைத்துக்கொண்டிருந்ததால் போலீஸ் முழுவதும் அங்கே போய்விட்டது.

மெக்கானிக் ஒரு மத்தியான வேளையில் வந்தான். கூட அவன் அண்ணன். குடித்திருக்கவில்லை. அதுதான் கேட் அக்காவுக்கு முதலில் உறைத்தது.

"என் பொண்டாட்டியை அனுப்பு."

"இதே பாட்டை எத்தனை தடவைடா பாடுவ? போ, போலீஸைக் கூப்பிடுவேன்."

"கூப்பிடு. பூத்துல காக்காதான் இருக்கு." அவன் சிரித்தான். "நீயும் இன்னிக்கு கவர்மென்ட் ஆளு இல்ல. சும்மா தெருவுல நிக்கற ஒரு பொம்பள. விலகு."

அண்ணன் பையிலிருந்து பெரிய கட்டரை எடுத்து, கேட்டைப் பூட்டியிருந்த சங்கிலியில் வைத்து அழுத்தினான். சங்கிலி அறுந்து விழுந்தது. கேட் அக்கா கேட்டைத் தோள் கொடுத்துத் தள்ளிப் பிடித்தாள். மூட்டை தூக்கிய தோள். இரண்டு ஆண்கள் தள்ளியும் கொஞ்ச நேரம் அசையவில்லை. மெக்கானிக் கம்பி இடுக்கு வழியாக லாரி ஜாக்கியின் இரும்பு ராடை விட்டுக் குத்தினான். விலா எலும்பு முறிகிற சத்தம் அவளுக்கே கேட்டது. பிடி தளர்ந்ததும் உள்ளே பாய்ந்து ராடை ஓங்கினான். அவள் இடது கையால் தடுத்தாள். முழங்கைக்குக் கீழே கை வேறு பக்கம் மடங்கித் தொங்கியது. அடுத்த அடி காதுக்கு மேல் விழுந்தது. தரையில் கிடந்த அவளைத் தாண்டி அண்ணன் மாடிக்கு ஓடினான்.

எதிர்க் கடைக்காரர்கள் ஷட்டரை இறக்கினார்கள். ஒருவர் மட்டும் ஷட்டர் இடுக்கில் பார்த்தபடி அவசர எண்ணுக்குப் போன் செய்தார். "இப்போது ஆள் இல்லை, வந்ததும் அனுப்புகிறோம்" என்றது அந்தப் பக்கம்.

தையல்காரியை அண்ணன்காரன் தலைமயிரைப் பிடித்து மாடிப்படியில் இழுத்து வந்தான். ஒவ்வொரு படியிலும் அவள் தலை மோதியது. மகள் அவன் காலைக் கடித்துக்கொண்டே கூட வந்தாள். அவன் உதைத்ததில் சுவரில் மோதி விழுந்தாள். மெக்கானிக் தன் பெண்டாட்டியின் வயிற்றில் பூட்ஸ் காலால் மிதித்தான். ஒரு முறை. மறுபடியும். "வீடு வீடுன்னு தேடி வந்தா ஒளிஞ்சுக்குவியா?"

கேட் அக்கா எழுந்தாள். ஒரு கண்ணில் ரத்தம் இறங்கிப் பார்வையை மறைத்தது. கதவுக்குக் குறுக்கே போடும் இரும்புச் சட்டம் சுவரோரம் சாய்ந்திருந்தது. ஒற்றைக் கையில் அதை எடுத்து, குனிந்திருந்த மெக்கானிக்கின் முழங்காலில் பக்கவாட்டில் வீசினாள். கால் ஒடிந்து அவன் உட்கார்ந்தான். அவன் அலறியதைக் கேட்ட அண்ணன் தையல்காரியை விட்டுவிட்டுத் தெருவில் ஓடினான். தம்பியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அதோடு விஷயம் முடிந்திருக்கலாம். ராடு அவன் கைக்கு எட்டாத தூரத்தில் கிடந்தது. அவன் கும்பிட்டான். கேட் அக்கா சட்டத்தை ஓங்கித் தாடையில் அடித்தாள். பல் தெறித்தது. கையில் அடித்தாள். தோளில் அடித்தாள். அவன் குரல் நின்ற பிறகும் அடித்தாள். அவள் முகத்தில் கோபமே இல்லை, துணி துவைக்கிறவள் போல இருந்தாள் என்று பிற்பாடு போன் செய்த கடைக்காரர் சாட்சி சொன்னார். தையல்காரி தரையில் தவழ்ந்து வந்து அவள் காலைக் கட்டிக்கொண்டாள்.

"போதும்க்கா! செத்துடுவான்க்கா! பாப்பா பாக்குதுக்கா!"

அப்போதுதான் கை நின்றது.

போலீஸும் ஆம்புலன்ஸும் வெகுநேரம் கழித்து வந்தன. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட கையோடு படுத்திருந்தவளிடம் இன்ஸ்பெக்டர் வந்து உட்கார்ந்தார். மரியாதையாகத்தான் பேசினார்.

"அன்னிக்கு உங்களுக்கு டியூட்டி இல்லையேம்மா. யார் உங்களை உள்ள விட்டது?"

"நானேதான் போனேன்."

"டியூட்டியில இருந்திருந்தா காவலாளி தன் வேலையைச் செஞ்சாங்கன்னு எழுதலாம். இப்ப ரெண்டு பேர் தெருச் சண்டை போட்ட மாதிரிதான் எழுத முடியும்."

அவள் வழக்கறிஞர் பட்ஜெட் நிறைவேறும் என்று காத்திருந்தார். மூடிய நாட்களைப் பணி நாட்களாகக் கணக்கில் கொண்டுவந்தால் வழக்கு பாதி கரைந்துவிடும் என்றார். வெயில் உச்சத்துக்கு வந்த மாதத்தில் இரண்டு தரப்பும் சமரசம் ஆனார்கள். வரியைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு, கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொண்டார்கள். ஊழியர்கள் வயிற்றில் அடிக்கக் கூடாதென்று பெருந்தன்மையாக ஒரு பிரிவையும் சேர்த்தார்கள்: மூடியிருந்த நாட்கள் சம்பளத்துடன் கூடிய விடுப்பு. கேட் அக்காவுக்கு முழுச் சம்பளமும் வந்தது. விடுப்பில் இருந்தாள் என்பதும் சட்டமாகிவிட்டது.

"உங்களை வாழ வைக்கறேன்னு கழுத்தை அறுத்துட்டாங்கம்மா" என்றார் வழக்கறிஞர்.

கோர்ட்டில் வார்டன் அம்மா, சாவி விஷயம் தனக்குத் தெரியாது என்றார். சொல்லிவிட்டுக் குனிந்தபடியே இறங்கிப் போனார். நீதிபதி கேட் அக்காவிடம் கேட்டார்.

"அவர் கீழ விழுந்த பிறகு ஏன் நிறுத்தலை?"

"நிறுத்தணும்னு தோணலைங்கய்யா."

வழக்கறிஞர் நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். மெக்கானிக்குக்கும் அவன் அண்ணனுக்கும் அவளைவிடக் கூடுதலாகத் தண்டனை கிடைத்தது. அவளுக்கு ஒன்றரை வருஷம். வேலையும் போயிற்று.

சிறையில் அவளைச் சீண்டிய முதல் பெண்ணின் மூக்கை உடைத்தாள். அதற்குப் பிறகு வரிசையில் அவளுக்கு எல்லோரும் வழிவிட்டார்கள். புருஷன் வாராவாரம் வந்தான். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, கடைக்கு வந்த வழுக்கைத் தலைக்காரர்களின் கதையைச் சொல்லிச் சிரிக்க வைப்பான். ஒரு முறை அவனோடு தையல்காரியும் வந்தாள். வேறு ஊரில் தையல் கூடத்தில் வேலை கிடைத்திருந்தது. நன்றி சொல்லத்தான் வந்திருக்கிறாள் என்று கேட் அக்கா நினைத்தாள்.

"உயிரைக் காப்பாத்துனீங்க. இல்லைன்னு சொல்லலைக்கா. ஆனா ஏன்க்கா அவ்வளவு அடிச்சீங்க?" தையல்காரி அழவில்லை. "பாப்பா ராத்திரியில கத்திக்கிட்டு எழுந்திரிக்கறா. கனவுல வர்றது அவ அப்பன்னுதான் நெனச்சுட்டிருந்தேன். இல்லக்கா. நீங்க வர்றீங்க."

புருஷன் அன்றைக்குக் கதை எதுவும் சொல்லாமல் திரும்பினான்.

அந்த வாரம் தண்ணீர்க் குழாயடியில் ஒரு பெண் அவளோடு மல்லுக்கு நின்று, இரும்பு வாளியால் மண்டையில் அடித்தாள். கேட் அக்கா கைகளை மார்போடு கட்டிக்கொண்டு நின்றாள். இரண்டாவது அடிக்கும் அசையவில்லை. ரத்தம் கழுத்தில் வழிந்தது. சுற்றி நின்றவர்கள் பயந்துபோய் அடித்தவளை இழுத்துப் பிடித்தார்கள். "இதுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு" என்றாள் ஒருத்தி. தையல் போட்ட டாக்டர் கேட்டபோது, "வழுக்கி விழுந்துட்டேன்" என்று சொன்னாள்.

விடுதலையான பிறகு ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற கூடத்தில் சேர்ந்தாள். இடது கை முழுதாக மடங்காது. ஈரப் போர்வைகளை வலது கையால் வாரி இயந்திரத்தில் போடுவாள். அடுத்த வருஷம் மறுபடியும் பட்ஜெட் இழுபறியானது. புருஷன் கடையிலிருந்து செய்தித்தாளைக் கொண்டுவந்து காட்டினான்.

"இந்த வாட்டி காப்பகமும் அத்தியாவசியமாம். திறந்தே இருக்குமாம்."

"கேட்டை மாத்தினாங்களாமா?"

"அதெல்லாம் பேப்பர்ல போடுவானா?"

மறுநாள் வேலைக்குப் போகும் வழியில் முன்னதாகவே பஸ்ஸை விட்டு இறங்கி அந்தத் தெருவுக்குள் போனாள். கம்பி இருந்த இடத்தில் தகர கேட். துப்பாக்கியோடு ஒரு போலீஸ்காரர். பக்கத்தில் சீருடை போட்ட ஒரு இளம்பெண். எலும்பும் தோலுமாக இருந்தாள்.

"யாரைப் பாக்கணும்மா?"

"யாரையும் இல்ல. நீ புதுசா?"

"ஆமாம்மா. ரெண்டு மாசம் ஆச்சு."

"சாப்பிட்டு உடம்பைத் தேத்தும்மா" என்றாள் கேட் அக்கா. அந்தப் பெண் ஒன்றும் புரியாமல் சிரித்தாள். கேட் அக்கா அடுத்த பஸ்ஸைப் பிடிக்க வேகமாக நடந்தாள். தாமதமாகப் போனால் சூப்பர்வைசர் வாய்க்கு வந்தபடி திட்டுவார்.